வெள்ளிக் கை

“ஒண்டே ஒண்டு மட்டும் என்னட்டை ஒருநாளும் கேக்காதை,” என்றான் இனிகோ.

“என்னது?”

“நிப்பாட்டு எண்டு.”

“எதை?”

“விளையாட்டை.”

நடாலிக்குச் சிரிப்பு வந்தது. “ஃபிரிட்ஜ் வாங்கித் தா எண்டு கேப்பன். பிள்ளை வேணும் எண்டு கேப்பன். உந்தத் தாடியை வழி எண்டு இண்டைக்கே கேக்கப்போறன். உதை நான் ஏன் கேக்கிறன்?”

“எல்லாரும் ஒருநாள் கேப்பினம். அம்மா கேட்டவ. உனக்கு முந்தி இருந்தவளும் கேட்டவள். ஒருக்கால் கேட்டாலே காணும். பிறகு பந்து வரேக்கை பந்து தெரியாது. அந்தக் குரல்தான் கேக்கும்.”

“சரி, கேக்கமாட்டன்.”

“சத்தியமா?”

அவள் அவனுடைய வலது கையைத் தூக்கித் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள்.

“இது என்ன?”

“எங்கடை ஆக்கள் சத்தியம் பண்ணினால் இப்பிடித்தான். மீறினால் என்ரை தலை வெடிச்சுப்போகும்.”

அவன் பதறிப்போய்க் கையை இழுத்தான். “அப்பிடியெண்டால் வேண்டாம்.”

“வைச்சது வைச்சதுதான். இனி எடுக்கேலாது.”

கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு ட்றாம் தரிப்பிடத்தில், பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வந்த மத்தியானம் பேசிய பேச்சு அது. பத்து வருடமாகிறது. அன்றைக்கு இருவரும் ஜெர்மன் மொழியில்தான் பேசினார்கள். இன்றைக்கும் அதில்தான் பேசுகிறார்கள். கணவனும் மனைவியும் மாறி மாறி ‘நீ’ என்று பேசிக்கொள்வதை நடாலியின் அம்மா கொறற்றியால் இன்றுவரை சகிக்க முடிந்ததில்லை. “கட்டின மனுசனை நீ, வா, போ எண்டு சொல்லுறியே பிள்ளை, அந்தாள் வெள்ளைக்காரன் எண்டாலும் அந்தாளுக்கும் ஒரு மரியாதை இல்லையோ?” என்பார்.

அவர்கள் அறிமுகமானது ஒரு கண்ணாடிக் கூண்டின் இரு பக்கத்தில். காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்தும் கடையொன்றில் நடாலி அப்போது தொழில் பழகிக்கொண்டிருந்தாள். ஆட்டத்தில் யாரோ ஒருவனுடைய முழங்கால் காதோரம் இடித்துவிட, காதுக்குள் ஓயாத இரைச்சலோடு வந்திருந்தான் இனிகோ என்ற அந்த ஸ்பானிய உதைபந்தாட்டக் கோல் காப்பாளன். சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தவேண்டும் என்று சொல்லிக் கூண்டுக்குள் இருத்தினாள். அவன் சத்தம் வருவதற்கு முன்னமே அழுத்தினான். மறுபடியும் முன்னமே அழுத்தினான்.

“கேட்டாப் பிறகு அழுத்துங்கோ.”

“என்ரை தொழிலிலை கேட்டாப் பிறகு எண்டால் பிந்திப்போகும்,” என்றான் அவன்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவனைக் கட்டினேன் என்று நடாலி தோழிகளிடம் சொல்வதுண்டு. பின்னாளில் யோசித்தபோது, தான் கட்டிக்கொண்டதும் அதைத்தான் என்று பட்டது. வராத ஒன்றுக்காக முன்னமே பாய்ந்து காத்திருக்கிற வாழ்க்கை.

ஸ்பெயினின் வடக்குக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவன் இனிகோ. பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே பெரிய கழகமொன்று அவனைத் தன் பயிற்சி விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போனது. மீசை முளைத்த வயதில் முதலாம் பிரிவு அணியின் மூன்றாவது கோல் காப்பாளனாகி, ஒரு பெரிய அரங்கின் ஓரத்தில் கையுறையோடு உட்கார்ந்திருந்தான். அவனுடைய அப்பா அந்தப் படத்தைப் பெரிதாக்கி மீன்கடைச் சுவரில் மாட்டினார். படத்தில் அவன் உட்கார்ந்துதான் இருந்தான். அதற்குப் பிறகு கடன் கொடுத்த வண்டிபோல ஊரூராகப் போய் வந்து, கடைசியில் ஜெர்மனிக்கு வந்தான். வந்த வருடம் இரண்டாம் பிரிவில் நன்றாகவே விளையாடினான். அடுத்த வருடம் கழகம் இன்னும் உயரமான, இன்னும் இளமையான ஒருவனை வாங்கியது. இனிகோ இரண்டாமவன் ஆனான். ஒருமுறை இரண்டாமவன் ஆனவனை எல்லாக் கழகமும் இரண்டாமவனாகத்தான் வாங்கும். ராசி அப்படி ஒட்டிக்கொள்கிற தொழில் அது.

முன்னால் ஓடுகிறவன் களைத்தால் இன்னொருவனை இறக்குவார்கள். கோல் காப்பாளன் களைப்பதில்லை. அவன் விழவேண்டும், கையோ காலோ முறியவேண்டும். அதுவரைக்கும் இரண்டாமவனுடைய வேலை, ஆட்டத்துக்கு முன் முதலாமவனுக்குப் பந்தடித்து உடம்பைச் சூடாக்கிவிட்டு, அவன் முதுகில் தட்டிக்கொடுத்து, போய்க் கதிரையில் உட்காருவது. சனிக்கிழமை மாலையில் இனிகோ கொண்டுவருகிற பையைத் திறந்தால் உடுப்பில் ஒரு புல்லின் கறைகூட இராது. மடித்தபடியே இருக்கும். நடாலி அதை எடுத்து மறுபடியும் துவைத்தாள். துவைக்காமல் விட்டால் அவனுக்கு விளங்கிவிடும் என்று பயம்.

“கோல் காக்கிறவன் எண்டு பொம்பிளை குடுத்தன்,” என்று அவளுடைய அப்பா இன்னாசித்தம்பி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். “இவர் கதிரையெல்லோ காக்கிறார்.”

அவளுடைய தம்பி லக்ஸன் அதை அப்படியே மொழிபெயர்ப்பான். எல்லாரையும்விடக் கூடச் சிரிப்பவன் இனிகோதான். “ஓம் மாமா,” என்று தனக்குத் தெரிந்த தமிழில் தொடங்கி ஜெர்மனில் முடிப்பான், “ஆனால் சூடு போட்ட கதிரை. உங்கடை சோபாவிலும் பாக்க நல்லது.”

மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே புனிதரின் பெயர். இருவருமே இன்னாசியார்தான், ஊர் மாறியதில் எழுத்து மாறிப்போனது. குருநகர்க் கடற்கரையில் பிறந்து, அகதியாக வந்து, ஹனோவர் வெதுப்பகமொன்றில் இருபது வருடத்துக்கு மேல் மாவோடு மாரடித்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். ஆடி கடைசி நாள், ஜூலை முப்பத்தொன்று, இன்னாசியார் திருநாளன்று, இருவரும் குசினிக்குள் நின்று கணவாய் துப்புரவு பண்ணுவார்கள். மையை எறியாதே என்று மருமகன் சொல்வான், எறி என்று மாமன் சொல்வார். பாதி மை சட்டிக்குள் போகும்.

கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து லைப்சிக் பக்கம் ஒரு கழகம். அங்கிருந்து ஹனோவருக்கு வெளியே ஒரு மூன்றாம் பிரிவுக் கழகம். ஒவ்வொரு முறையும் அவனுக்குக் கழகம் தேடிக்கொடுக்கிற முகவர் தொலைபேசி எடுப்பார். இனிகோ கதையைக் கேட்டுவிட்டு, தொலைபேசியைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்ப்பான். “என்ன சொல்ல?”

“உன்ரை விருப்பம்,” என்பாள் நடாலி.

சத்தியத்தைக் காப்பாற்ற அவளுக்குக் கிடைத்த சொல் அதுதான். கனிவான சொல்போலத் தோன்றும். எவ்வளவு கசப்பையும் அதற்குள் ஊற்றி மூடிவிடலாம். ஒவ்வோர் ஊரிலும் ஒரு கடையில் வேலை பிடித்து, கிழவர்களுடைய காதுகளோடு பழகி, அவர்கள் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்குகிற நேரம் பெட்டி கட்டினாள். லைப்சிக்கில் மகள் நெறேயா பிறந்தபோது இனிகோ ஒரு தூரத்து ஊரில், விளையாடாத ஓர் ஆட்டத்துக்காகக் கதிரையில் இருந்தான். ஹனோவருக்கு வந்ததில் ஒரு நல்லது, அம்மா அப்பா பக்கத்தில். இதுதான் கடைசி ஊர் என்று நடாலி தனக்குள் முடிவு கட்டினாள். வாய் திறந்து சொல்லவில்லை.

அந்தக் கழகத்தின் முதலாம் கோல் காப்பாளன் பெயர் யானிக். சிவப்புத் தலை, பெரிய சிரிப்பு. வெளியூர் ஆட்டங்களுக்குப் போனால் இனிகோவும் அவனும் ஒரே அறை. கொறற்றியின் கொத்துரொட்டிக்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சேர்வான். “மம்மி, இன்னும் உறைப்பு,” என்று கேட்டுவிட்டுக் கண்ணீர் விடுவான். ஒருவன் விழுந்தால்தான் மற்றவனுக்கு வாழ்வு என்பது இருவருக்கும் தெரியும். அதை இருவரும் ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. அந்தத் தொழிலின் மரியாதை அது.

கொறற்றிக்கு அந்த மரியாதை தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், தன் மருமகன் நல்ல பிள்ளை, அந்தப் பிள்ளைக்கு ஒரு இடம் கிடைக்கவில்லை என்பதுதான்.

போன வருட ஆவணியில், ஜெர்மனியின் தமிழ்க் கத்தோலிக்கர் எல்லாரும் கூடுகிற கேவலார் மாதா திருவிழாவுக்கு வழக்கம்போலப் போனார்கள். பேருந்து நிறையச் சனம், சோற்றுப் பொதி, செபமாலை. கொறற்றி ஒரு சின்னச் சிவப்புப் பையைக் கைக்குள்ளேயே வைத்திருந்தார். கால் வருத்தம் என்றால் வெள்ளியில் கால், பிள்ளை வேண்டுமென்றால் வெள்ளியில் தொட்டில் என்று ஊரில் நேர்த்தி வைப்பது வழமை. கொறற்றி யாழ்ப்பாணத்தில் சொல்லிச் செய்வித்து, வந்த சொந்தக்காரரிடம் கொடுத்தனுப்பச் சொல்லி எடுத்தது ஒரு கை. பெருவிரல் நீளத்தில் ஒரு வெள்ளிக் கை. அதைக் காணிக்கைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

பக்கத்தில் நடாலி ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். அவள் கேட்டது வேறு. மாதாவே, இது கடைசி வருடமாக இருக்கட்டும். அவருக்கு இனி ஓரிடத்திலும் இடம் கிடைக்காமல் போகட்டும். நான் கேட்காமலே முடியட்டும்.

இரண்டு வேண்டுதல்களும் மாதாவின் காலடிக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன. மாதா ஒன்றையும் மறுக்கவில்லை.

கார்த்திகை மாதம், மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. எல்லாரும் அம்மா வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாழ்வாக வந்த பந்தைப் பிடிக்க யானிக் விழுந்தான். ஓடிவந்தவனுக்கு ஈரப் புல்லில் நிற்க முடியவில்லை. ஆணி வைத்த சப்பாத்து யானிக்கின் கைமேல் ஏறியது. யானிக் எழும்பவில்லை. கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

“என்ரை மாதாவே,” என்று கொறற்றி சோபாவிலிருந்து எழும்பிச் சிலுவை அடையாளம் போட்டார். இரக்கத்தால் போடுகிறார் என்று நடாலி நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகம் விளக்கு ஏற்றியதுபோல இருந்தது.

திரையில் இனிகோ கதிரையிலிருந்து எழும்பி, மேலங்கியைக் கழற்றி, யானிக்கின் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டுக் கோலுக்குள் போனான்.

அன்றைக்கு அவன் ஒரு பந்தும் விடவில்லை. அடுத்த கிழமையும் விடவில்லை. நத்தார்ப் பண்டிகை வரைக்கும் அவன் விளையாடிய விளையாட்டை அவனே முன்பு விளையாடியதில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் அவனுடைய முகம் அரைப் பக்கத்துக்கு வந்தது. வீட்டுக்குச் சேறு பிடித்த உடுப்பு வந்தது. நடாலி அந்தச் சேற்றைக் கழுவும்போது அழுதாள். சந்தோசமா துக்கமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவனோ வீட்டுக்குள் விசில் அடித்துக்கொண்டு திரிந்தான். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் தவறாமல் யானிக்கைப் பார்க்கப் போனான். யானிக்கின் கையை இரண்டுமுறை அறுத்துத் தைத்திருந்தார்கள்.

“உனக்கு நல்லது நடந்ததிலை எனக்குச் சந்தோசமடா,” என்று யானிக் சொன்னானாம். அதைச் சொல்லும்போது இனிகோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நத்தார் விருந்தன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, கொறற்றி பெருமை தாங்காமல் கதையை எடுத்தார். “ஆவணியிலை நேர்த்தி வைச்சனான். கையாலை பிழைக்கிற பிள்ளையெல்லோ, அதுதான் கை. மூண்டு மாசம் முடியேல்லை, மாதா தந்திட்டா.”

“என்னவாம்?” என்று இனிகோ கேட்டான்.

லக்ஸன் வாயில் றோல்ஸோடு சிரித்துச் சிரித்து மொழிபெயர்த்தான். “அம்மா உனக்காகக் கடவுளுக்கு ஒரு கை லஞ்சம் குடுத்தவவாம். அதுதான் நீ விளையாடுறாய்.”

எல்லாரும் சிரித்தார்கள். இனிகோவும் சிரித்தான். முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தான்.

“எந்தக் கை எண்டு கேள். இடதோ, வலதோ?”

லக்ஸன் கேட்டான்.

“வலது கை,” என்றார் கொறற்றி. “சோறு தின்னுற கை. ஏன் தம்பி?”

யானிக்குக்கு முறிந்ததும் வலது கை. மேசையில் அது இனிகோவுக்கும் நடாலிக்கும் மட்டும்தான் உறைத்தது. மற்றவர்கள் றோல்ஸ் தட்டை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

காரில் திரும்பி வரும்போது அவன் கேட்டான். “மாமி அதைக் கேட்டவ. நீயும் பக்கத்திலை நிண்டனீதானே. நீ என்ன கேட்டனீ?”

“எல்லாரும் சுகமா இருக்கவேணும் எண்டு,” என்றாள் நடாலி.

அவன் நம்பினான். அதுதான் அவளுக்கு இன்னும் நெருடியது.

தையில் முதல் ஆட்டம். இடைவேளைக்கு முன், வேகமே இல்லாத ஒரு பந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பிடிக்கிற பந்து, அவனுடைய கைகளுக்கு நடுவால் உருண்டு உள்ளே போனது. அவன் பந்தைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த கிழமை இன்னொன்று. மாசியில் அரங்கத்தில் அவனுடைய பெயரைச் சொல்லி ஊளையிட்டார்கள். பங்குனியில் கழகம் வேறொருவனைக் கடனுக்கு எடுத்தது. மறுபடியும் மடித்தபடியே உடுப்பு வந்தது. ஆனியில் ஒப்பந்தம் முடிந்தது. ஒரு பூங்கொத்துக் கொடுத்துக் கைகுலுக்கி அனுப்பினார்கள். யானிக்கின் விரல் மடங்கவே இல்லை. அவன் காப்புறுதி அலுவலகமொன்றில் தொழில் பழகப் போய்விட்டான்.

பகிடி விடுகிற இனிகோ இல்லாமல் போனான். அதிகாலையில் ஓடப் போவான். வந்து கைகளை ஐஸ் வாளிக்குள் வைத்துக்கொண்டு குந்தியிருப்பான். முப்பத்தாறு வயது கோல் காப்பாளனுக்கு ஒன்றும் பெரிய வயதில்லை என்று யாரும் கேட்காமலே சொல்வான். இனி முடிந்தது என்று அவனாகச் சொல்வான், இன்றைக்குச் சொல்வான், நாளைக்குச் சொல்வான் என்று நடாலி காத்திருந்தாள். தான் கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு வார்த்தை மட்டும் பாக்கி, அதையும் அவனே சொல்லிவிட்டால் தன் தலை தப்பும்.

நடாலி வேலை செய்கிற காதுக் கருவிக் கடையின் முதலாளியம்மா ஓய்வு பெறப்போகிறார். கடையை இனி நடாலியே பொறுப்பெடுத்து நடத்தவேண்டும் என்று கேட்டிருந்தார். நெறேயாவுக்கு ஆவணியில் முதலாம் வகுப்பு. ஜெர்மன் வழக்கப்படி முதல் நாள் பள்ளிக்குப் போகிற பிள்ளையின் கையில் கொடுக்கிற பெரிய இனிப்புக் கூம்பைப் பேத்திக்காக இன்னாசித்தம்பி இப்போதே வாங்கி அலுமாரிக்கு மேல் ஒளித்து வைத்திருந்தார். எல்லாம் ஓரிடத்தில் வந்து நிற்கிறதுபோல இருந்தது.

அப்போதுதான் முகவர் தொலைபேசி எடுத்தார். சைப்பிரஸ் தீவில் ஒரு கழகம். ஒரு வருடம், பிடித்தால் இன்னொரு வருடம். இரண்டாவது கோல் காப்பாளன்.

“என்ன சொல்ல?” என்று இனிகோ கேட்டான்.

“உன்ரை விருப்பம்,” என்றாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு முடிவு சொல்வதாக அவன் சொன்னான். அந்த வியாழன் இன்னாசியார் திருநாளாக இருந்தது.

காலையில் மாமனும் மருமகனும் கணவாய் துப்புரவு பண்ணினார்கள். மையைப் பற்றி இந்த முறை வாக்குவாதம் வரவில்லை. இனிகோ எல்லா மையையும் பேசாமல் கழுவி ஊற்றிவிட்டான். இன்னாசித்தம்பி தொட்டியைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார்.

சாப்பாட்டு மேசையில் நெறேயா சாப்பிட்டு முடித்துத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் இருந்தார்கள்.

“சைப்பிரஸ் எண்டால் எங்கை இருக்கு?” என்று கேட்டார் கொறற்றி.

“கடலுக்கை,” என்றார் இன்னாசித்தம்பி.

“வெயிலோ?”

“நல்ல வெயில். உன்ரை மருமோன் ஓரமாக் குந்தியிருந்து காயலாம். சூடு போட்ட கதிரை தேவையில்லை.”

“நீங்கள் ஒருக்கால் பேசாமல் இருங்கோப்பா. அந்தப் பிள்ளை மனம் நொந்துபோய் இருக்கு.” கொறற்றி எழும்பி அறைக்குள் போய் வந்தார். கையில் சிவப்புப் பை. “இன்னும் ரெண்டு கிழமையிலை கேவலார். போனமுறை நான் ஒரு பிழை விட்டிட்டன். ஒரு கையைக் குடுத்தால் எவ்வளவு நாளைக்குக் காணும்? அதுதான் கொஞ்ச நாளிலை முடிஞ்சுபோச்சு. இந்தமுறை ரெண்டு கையும் செய்விச்சிருக்கிறன்.”

“அம்மா, விடுங்கோ உதை,” என்றான் லக்ஸன். நத்தாரன்று சிரித்தவன் இப்போது சிரிக்கவில்லை. யானிக்கின் விரல் கதை அவனுக்கும் தெரியும்.

“ஏன் விட? நான் என்ன களவோ எடுக்கிறன்? மாதாவிட்டைத்தானே கேக்கிறன்.”

பையை அவிழ்த்து இனிகோவின் உள்ளங்கையில் கவிழ்த்தார். இரண்டு சின்ன வெள்ளிக் கைகள். ஒன்று இடது, ஒன்று வலது.

நடாலி காத்திருந்தாள். இப்போது எழும்புவான். ‘ஏலாது மாமி’ என்பான். அவனுக்கு நன்றாகத் தெரிந்த தமிழ்ச் சொல் அது. எட்டாத பந்துக்கும், நாலாவது அகப்பைச் சோற்றுக்கும் அவன் சொல்கிற சொல். அதைச் சொல்லிவிட்டுப் பலகணிக்குப் போவான். அங்கே போய் நின்று, முடிந்தது என்று அவனே சொல்லிவிடுவான்.

இனிகோ எழும்பவில்லை. இரண்டு கைகளையும் விரலால் புரட்டிப் பார்த்தான். உள்ளங்கையை மேலும் கீழும் ஆட்டிப் பாரம் பார்த்தான்.

“லக்ஸன், மாமியிட்டைக் கேள். பேர் சொல்லவேணுமோ எண்டு.”

“என்ன பேர்?”

“மற்றவன்ரை பேர். அங்கை இருக்கிறவன்ரை.”

லக்ஸன் தன் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

இனிகோ மறு கையால் தொலைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். கறுத்த தாடி வைத்த ஓர் இளைஞன், வெள்ளை உடுப்புப் போட்ட மணப்பெண்ணின் தோளில் கை போட்டபடி நின்றான். “சைப்பிரஸ்காரன். இவன்தான் முதலாமவன். போன மாசம் கலியாணம். நல்ல பெடியன் போலைதான் கிடக்கு.” கொஞ்ச நேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். “வலது கைக்காரன்.”

பகிடியாக இருக்கவேண்டும் என்று நடாலி அவனுடைய முகத்தில் தேடினாள். பகிடி விடும்போது அவனுடைய இடது கண் ஓரத்தில் ஒரு சுருக்கம் விழும். அது விழவில்லை.

“என்னவாம் தம்பி?” என்றார் கொறற்றி.

“ஒண்டுமில்லை அம்மா,” என்றான் லக்ஸன். “வடிவா இருக்காம்.”

இனிகோ இரண்டு கைகளையும் பைக்குள் போட்டான். கயிற்றை இழுத்து முடிந்தான். இரண்டு கையாலும் ஏந்தி, பூசையில் காணிக்கை கொடுக்கிறவனைப்போல மாமியிடம் நீட்டினான். அவன் சொன்னது தமிழில்.

“மாதாவுக்கு வையுங்கோ மாமி.”

கொறற்றிக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டி அவனுடைய நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தார். “மாதா கைவிடமாட்டா மேனை.”

இன்னாசித்தம்பி தன் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். “கணவாய் ஆறுது,” என்றார் ஒருவரிடமும் இல்லாமல்.

நடாலிக்கு ஒரு மழை நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கோலுக்குள் போகமுன் நின்று, விழுந்து கிடந்தவனுடைய தலையில் கை வைத்தவன் இவன். அவனைத்தான் அவள் கட்டினாள். அவனுக்காகத்தான் ஊர் ஊராகப் பெட்டி கட்டினாள், கறையில்லாத உடுப்பைத் துவைத்தாள், வாயைக் கட்டினாள். அவள் வாயைக் கட்டிக்கொண்டிருந்த இந்த வருடங்களில் அந்த ஆள் மெல்ல மெல்ல எங்கோ போய்விட்டான். அவள் கேட்டிருந்தால் அவன் கோபித்திருப்பான். கத்தியிருப்பான். கேட்காமல் விட்டதில் இப்படி ஆகிவிட்டான். கடையில் அவள் தினமும் காண்கிற கிழவர்கள் காது கேட்காமல் போன பிறகு எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள், சண்டையே வராது, வீடு வெகு அமைதியாக இருக்கும். அந்த அமைதியைத்தான் அவள் பத்து வருடமாகக் குடும்பம் என்று நினைத்திருந்தாள்.

மேசையில் இருந்த தொலைபேசி அதிர்ந்தது. நாலு மணி. முகவருடைய பெயர் ஒளிர்ந்தது. தொலைபேசி கணவாய்த் தட்டில் இடித்து இடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.

இனிகோ அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பார்க்கிற மாதிரியே அவளைப் பார்த்தான்.

“என்ன சொல்ல?”

‘உன்ரை விருப்பம்’ நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பழகிய நாக்கு. அவள் அதைக் கடித்து விழுங்கினாள். எழும்பி மேசையைச் சுற்றிப் போய், அவனுடைய கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். தொலைபேசியை வாங்கி மேசையில் வைத்தாள். பலமுறை முறிந்து பொருந்திக் கோணிப்போன விரல்கள் உள்ள அந்த வலது கையைத் தூக்கித் தன் உச்சந்தலையில் வைத்தாள்.

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. கையை இழுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை.

“வேண்டாம், நடாலி.”

“என்ன பிள்ளை இது, சாப்பாட்டு மேசையிலை?” என்றார் கொறற்றி. “என்னவாம் லக்ஸன்?”

லக்ஸன் மொழிபெயர்க்கவில்லை. மேசையில் தொலைபேசி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

“என்ரை தலை வெடிச்சால் வெடிக்கட்டும்,” என்றாள் நடாலி. “நிப்பாட்டு, இனிகோ. எனக்காக நிப்பாட்டு.”